முடிந்த பணியின் கணக்கும் வரும் பணியின் மதிப்பீடும்: செலவுத் தரவு உருவான வரலாறு

பெரும் பணியொன்றைத் தொடங்குமுன் அதற்கு எவ்வளவு ஆகும் என்று கணித்துச் சொல்லும் செலவு மதிப்பீடு, அதாவது வழக்கில் எஸ்டிமேட் எனப்படுவது, இருவகை அடித்தளங்களில் ஒன்றின்மீது நிற்கிறது. வேலையைச் சிறுசிறு உருப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பொருளையும் ஆளையும் விலையால் பெருக்கிக் கூட்டுவது ஒரு வகை. அதே இனத்தைச் சேர்ந்த பணிகள் முன்பு உண்மையில் என்ன செலவில் முடிந்தன என்ற பதிவைக்கொண்டு வரப்போவதைக் கணிப்பது மறுவகை. முன்னது மிகப் பழையது. பின்னது இருபதாம் நூற்றாண்டில்தான் ஒரு முறையியலாக வளர்ந்தது. முடிந்த பணிகளின் கணக்கேடுகள் எக்காலத்திலும் இருந்துள்ளன என்பதால், இத்தாமதத்துக்குக் கணக்கு இல்லாமையைக் காரணமாகச் சொல்ல இயலாது. அக்கணக்குகள் பணப் பட்டுவாடாவுக்கும் தணிக்கைக்கும் எழுதப்பட்டவை. அடுத்த பணியை மதிப்பிடுபவருக்கு என்ன தேவை என்பதை எண்ணி எவரும் அவற்றை எழுதவில்லை. செலவுத் தரவின் வரலாற்றைக் கணக்கெழுதும் வடிவம் மாறிய வரலாறாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் புழக்கச் சொல் ஒன்றே இவ்வேறுபாட்டைக் காட்டப் போதும். அங்கே டேட்டா என்றால், குறிப்பிட்ட அளவு செங்கல் கட்டுமானத்துக்கு எத்தனை செங்கல், எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மணல், எத்தனை கொத்தனார், எத்தனை மஸ்தூர் என்று வகுத்து, அவற்றை விலைவிகிதப் பட்டியலின் விலைகளால் பெருக்கி ஓர் அலகின் வீதத்தைக் காணும் கணக்கு என்று பொருள். இன்ன வேலைக்கு இவ்வளவு ஆகவேண்டும் என்ற நியமத்தை அது சொல்கிறது. முந்தைய கட்டடத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்பதைச் சொல்வதில்லை. நியமத்துக்கும் நடப்புக்கும் இடையே விழும் இடைவெளியைப் பழங்காலம் தண்டனையால் நிரப்பப் பார்த்தது. எபேசு நகரத்துச் சட்டமொன்றை ரோமானியக் கட்டடவியலாளர் விட்ருவியஸ் குறிப்பிடுகிறார்: பொதுப்பணியை ஏற்ற கட்டடக் கலைஞரின் சொத்து பணி முடியும்வரை அதிகாரிகளிடம் பிணையாக இருக்கும், செலவு மதிப்பீட்டை 25 விழுக்காட்டுக்கு மேல் மீறினால், மிகுதி அவர் சொத்திலிருந்தே எடுக்கப்படும். கலைஞரை அஞ்சவைக்க அச்சட்டம் உதவியிருக்கலாம். அடுத்தவருக்கு எதையும் கற்பித்திருக்க வழியில்லை.

நடந்த செலவையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட முன்னோடிகளுள் முதன்மையானவர் அமெரிக்க விமானப் பொறியாளர் டி. பி. ரைட். 1920களின் தொடக்கத்திலிருந்து தொழிற்கூடக் கணக்குகளைக் கவனித்துவந்த அவர், 1936-இல் வானூர்தி அறிவியல் இதழொன்றில், விமானங்களின் செலவைத் தீர்மானிக்கும் காரணிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஒரே வகை விமானம் மேலும் மேலும் செய்யப்படும்போது அதற்கான ஆளுழைப்பு ஒழுங்கான விகிதத்தில் குறைகிறது என்பதும், மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சராசரி உழைப்பு முன்பிருந்ததில் ஏறத்தாழ 80 விழுக்காடாகிறது என்பதும் அவர் கண்டவை. பின்னர் கற்றல் வளைகோடு எனப் பெயர்பெற்ற இத்தொடர்பின்படி, முதல் விமானத்துக்கு 1,000 மணிநேர உழைப்பு எனக் கொண்டால், இரண்டின் சராசரி 800, நான்கின் சராசரி 640, எட்டின் சராசரி 512 மணிநேரமாகும்.

இங்கே சற்று நின்று பார்க்கத் தக்க ஒரு நுட்பம் உண்டு. ரைட் பேசியது சராசரியைப் பற்றி. அவர் வழியில், இரண்டு விமானங்களுக்கும் சேர்த்து 1,600 மணிநேரம் என்பதால், இரண்டாம் விமானத்துக்குத் தனியே ஆவது 600 மணிநேரம். பிற்கால மதிப்பீட்டாளர்கள் பலர் அதே 80 விழுக்காட்டைத் தனித்தனி விமானத்துக்குப் பொருத்தினர். அவ்வழியில் இரண்டாம் விமானத்துக்கு 800 மணிநேரம் ஆகும். இரு கணக்குகளும் ஒரே பெயரில், ஒரே விழுக்காட்டுடன் வழங்கின. எந்த வரையறையில் கணக்கிடப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் வெறும் 80 என்ற எண்ணைக் கையில் வாங்கும் ஒருவர், 200 மணிநேரப் பிழையையும் அறியாமலே வாங்கிக்கொள்கிறார். தரவுக்குரிய விளக்கக் குறிப்பு தரவைவிட்டுப் பிரிந்துபோகும் இத்தொல்லை இத்துறையில் பிறகும் நீங்கவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் தொழிற்கூடங்கள் விமானங்களைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்ததால், ஒரே இனத்தைச் சேர்ந்த பல நூறு பதிவுகளை ஒப்பிடும் வாய்ப்பு முதன்முறையாகக் கிட்டியது. போருக்குப்பின் விமானப்படையின் ஆதரவில் தோன்றி 1948-இல் தனி நிறுவனமான ராண்ட் ஆய்வமைப்பு அப்பதிவுகளை எடுத்தாண்டது. அங்கிருந்த பொருளியலறிஞர் ஆர்மன் ஆல்ச்சியன், கற்றல் வளைகோட்டை நம்பி ஒரு தொழிற்கூடத்தின் உழைப்பை முன்கணித்தால் சராசரியாக ஏறத்தாழ 25 விழுக்காடு பிழை நேரும் என்று காட்டினார். போர்க்காலத் தரவு இரகசியமாக வைக்கப்பட்டிருந்ததால், அந்த ஆய்வு எழுதப்பட்டுப் பல்லாண்டுகள் கழித்து 1963-இல்தான் வெளியாயிற்று. மதிப்பீட்டைச் சொல்வதோடு அதன் பிழையின் அளவையும் சேர்த்துச் சொன்ன வகையில், ரைட்டின் கட்டுரையைவிட இதுவே இன்றைய முறைக்கு நெருங்கிய மூதாதை எனலாம்.

டேவிட் நோவிக் தலைமையில் இயங்கிய ராண்டின் செலவுப் பகுப்பாய்வுத் துறை மற்றொரு திசையிலும் நடந்தது. வரைபடமே முடிவாகாத விமானத்துக்கு உருப்படிவாரியாகக் கணக்கிட இயலாது. ஆயினும் அதன் எடையும் வேகமும் ஏறக்குறையத் தெரிந்திருக்கும். முன்பு கட்டப்பட்ட விமானங்களின் எடை, வேகம் ஆகியவற்றுக்கும் அவற்றின் செலவுக்கும் உள்ள உறவைப் புள்ளியியலில் தொடர்புப் போக்கு எனப்படும் முறையால் சமன்பாடாக்கி, அச்சமன்பாட்டில் புதிய விமானத்தின் பண்புகளை இட்டுச் செலவைக் காண்பதே அளபுரு மதிப்பீடு. அதன் வலிமை முழுவதும் பழைய பதிவுகளின் தரத்தைச் சார்ந்தது. அக்காலத்து நடப்பு மதிப்பீடுகளோ பரிதாபமான நிலையில் இருந்தன. பெக், ஷெரர் என்ற இரு அறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட நூலில் 12 ஆயுதத் திட்டங்களை ஆராய்ந்து, உருவாக்கச் செலவு தொடக்க மதிப்பீட்டைப்போல் சராசரியாக 3.2 மடங்கானதைக் காட்டினர்.

அரசு விழித்துக்கொள்ள ஓர் அதிர்ச்சி தேவைப்பட்டது. மூன்று நிறுவனங்கள் போட்டியிட்டதில் மிகக் குறைந்த விலை கேட்ட லாக்ஹீட் நிறுவனத்துக்கு 1965-இல் வழங்கப்பட்ட சி-5ஏ சரக்கு விமானத் திட்டம், ஏறத்தாழ 200 கோடி டாலர் மிகையாகச் செல்கிறது என்று விமானப்படையின் செலவு ஆய்வாளர் எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1968 நவம்பரில் நாடாளுமன்றக் குழுமுன் சாட்சியம் அளித்தார். அவருடைய பதவியே அடுத்த ஆண்டு நீக்கப்பட்டது. எனினும் அதே ஆண்டுகளில், ஆரவாரமின்றி, வரலாற்றில் அதைவிட நீண்டகாலப் பயன் விளைத்த மாற்றமொன்று நிகழ்ந்தது. ஒப்பந்த நிறுவனங்கள் செலவு விவரங்களைக் குறிப்பிட்ட படிவத்தில் தரவேண்டும் என்ற ஏற்பாடு 1966-இல் தொடங்கியது. 1968 நவம்பரில் பாதுகாப்புத் துறை, பணிக்கூறுப் பிரிப்பு பற்றிய தர ஆவணத்தை வெளியிட்டது. இரண்டையும் தொடர்ந்து 1973-இல் ஒப்பந்ததாரர் செலவுத் தரவு அறிக்கை முறை வந்தது.

பணிக்கூறுப் பிரிப்பு என்பது ஒரு திட்டத்தை மரத்தின் கிளைகள்போல் மேலிருந்து கீழாகப் பகுத்துக் காட்டும் அமைப்பு. விமானம் என்றால் அதன் சட்டகம், எஞ்சின், தகவல்தொடர்புக் கருவிகள், பயிற்சி, சோதனை, உதிரிப் பாகங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கிளைகள் உண்டு. விமானம், கப்பல், ஏவுகணை முதலான ஏழு வகைகளுக்கு அந்த ஆவணம் இவ்வாறு கிளைகளை வகுத்தது. அதற்குமுன், ஒரு நிறுவனம் சோதனைச் செலவைப் பொறியியல் கணக்கில் எழுதும், மற்றொன்று உற்பத்திக் கணக்கில் எழுதும். இரண்டும் தத்தம் தணிக்கைக்குச் சரியாகவே இருக்கும், ஆனால் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒரே பெயருள்ள பெட்டியில் ஒரே பொருள் இருக்கவேண்டும் என்ற எளிய கட்டளையே செலவுத் தரவை ஆய்வுக்கு உகந்ததாக்கியது.

பெட்டிகள் ஒத்துவந்த பிறகும் எண்களை அப்படியே ஒப்பிட இயலாது. 1955-இன் டாலரும் 1970-இன் டாலரும் ஒன்றல்ல என்பதால் பணவீக்கத்தைக் கழிக்க வேண்டும். 50 விமானங்களின் சராசரியும் 500 விமானங்களின் சராசரியும் வேறாதலால் கற்றல் வளைகோட்டின் துணையால் ஒரே எண்ணிக்கைக்குக் கொண்டுவர வேண்டும். அச்சு, அமைப்புக் கருவிகள் போன்ற ஒருமுறைச் செலவை ஒவ்வொரு விமானத்துக்கும் திரும்பத் திரும்ப ஆகும் செலவிலிருந்து பிரிக்க வேண்டும். தரவைச் சீர்ப்படுத்தல் எனப்படும் இவ்வேலை பகுப்பாய்வாளரின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குகிறது. அறிக்கையிலோ பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

1972 இரு வகையில் திருப்பமானது. பாதுகாப்புத் துறையில், திட்டத்தை நடத்துபவரைச் சாராமல் தனி மதிப்பீடு செய்யும் செலவுப் பகுப்பாய்வு மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம், நல்ல மதிப்பீட்டின் அடிப்படை இயல்புகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 1982-இல் நன், மக்கர்டி என்ற இரு உறுப்பினர்களின் பெயரால் வழங்கும் சட்டம், அலகுச் செலவு, ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வகுத்த அடிமட்ட மதிப்பீட்டை 15 விழுக்காடு மீறினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கவும், 25 விழுக்காடு மீறினால் திட்டத்தின் இன்றியமையாமைக்குச் சான்றளிக்கவும் கட்டாயப்படுத்தியது. எபேசுச் சட்டத்தின் அதே 25 என்பது தற்செயல்தான். ஆயினும் மனித இயல்பு மாறவில்லை: அடிமட்டத்தையே உயர்த்தித் திருத்திவிட்டால் மீறலே தெரியாது. அதனால், முதன்முதலில் வகுத்த அடிமட்டத்திலிருந்தும் அளந்து, 30 விழுக்காட்டையும் 50 விழுக்காட்டையும் எல்லைகளாகக் கொள்ளும் திருத்தம் 2006-இல் செய்யப்பட்டது.

அதே கணக்காய்வு அலுவலகம் 2009-இல் வெளியிட்டு 2020-இல் புதுப்பித்த வழிகாட்டி, மதிப்பீட்டுப் பணியை 12 படிகளாக வகுத்து, முழுமை, ஆவணச் சான்று, துல்லியம், நம்பகத்தன்மை என்ற நான்கு இயல்புகளைக் கோருகிறது. நம்பகத்தன்மை என்ற சொல் அங்கே மதிப்பிடுபவரின் நேர்மையைக் குறிப்பதன்று. எந்த அனுமானம் மாறினால் செலவு எவ்வளவு மாறும் என்ற ஆய்வும், இடரையும் நிச்சயமின்மையையும் அளவிடுதலும், வேறு முறையால் சரிபார்த்தலும், வெளியார் செய்த மதிப்பீட்டோடு ஒப்பிடுதலும் நடந்திருந்தால் மட்டுமே அந்த அடைமொழி கிட்டும்.

குடிமைப் பணிகளில் இவ்வரலாறு வேறு பாதையில் சென்றது. பெந்த் ஃபுளூபியர் என்ற டேனிய அறிஞரும் உடனாய்வாளர்களும் 2002-இல், 20 நாடுகளில் ஏறத்தாழ 9,000 கோடி டாலர் மதிப்புள்ள 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. இரயில் பணிகளில் சராசரியாக 45 விழுக்காடும், பாலம், சுரங்கப் பணிகளில் 34 விழுக்காடும், சாலைகளில் 20 விழுக்காடும் மிகை. எழுபதாண்டுகளில் முன்னேற்றம் காணப்படாததால், இது தொழில்நுட்பத் தவறாக இருக்க இயலாது என்றும், திட்டத்துக்கு ஒப்புதல் பெறுவதற்கான திட்டமிட்ட குறைமதிப்பீடே என்றும் அவர்கள் வாதிட்டனர். லவ் என்ற ஆய்வாளர் முதலானோர் 2018-இல் இதைக் கடுமையாக மறுத்தனர்: கட்ட முடிவெடுத்த நாளின் மதிப்பீட்டை அடிமட்டமாகக் கொள்வதா, ஒப்பந்த நாளின் மதிப்பீட்டைக் கொள்வதா என்பதைப் பொறுத்து மிகையின் அளவே மாறிவிடும் என்பது அவர்கள் எழுப்பிய தடைகளுள் ஒன்று. உள்நோக்கம் பற்றிய முடிவில் ஃபுளூபியர் குழுவினர் தரவு தாங்கும் அளவைக் கடந்து செல்கின்றனர் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் மிகை இருந்தது என்பதை அம்மறுப்பு அழித்துவிடவில்லை.

அவர்கள் முன்வைத்த தீர்வு, ஒப்பீட்டு வகுப்பு முன்கணிப்பு. திட்டத்தின் உட்கூறுகளை எண்ணுவதற்கு மாறாக, அதையொத்த முடிந்த திட்டங்களின் மிகைப் பரவலை எடுத்து, வேண்டிய உறுதிப்பாட்டுக்கு ஏற்ப மதிப்பீட்டை உயர்த்துவது அம்முறை. அதை முதலில் கையாண்ட பணிகளுள் ஒன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம் திட்டத்தின் இரண்டாம் தடம். எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டோடு 32 கோடி பவுண்டு என்றிருந்த மதிப்பீட்டை 2004-இல் மறுபரிசீலித்தபோது, செலவு தாண்டாதிருக்க 50 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால் 35.7 கோடியும், 80 விழுக்காடு வேண்டுமானால் 40 கோடியும் தேவை என்று தெரிந்தது. பின்னர் அத்தடம் அவ்வடிவில் கட்டப்படவே இல்லை. முதல் தடத்தின் பகுதியையும் இரண்டாம் தடத்தின் பகுதியையும் இணைத்து, விமான நிலையத்திலிருந்து நியூஹேவன் வரை 54.5 கோடிக்குள் முடிப்பதாகத் தொடங்கிய பணி, 2014 மே மாதம் யார்க் பிளேஸ் வரை மட்டும் 14 கிலோமீட்டராகத் திறக்கப்பட்டபோது 77.6 கோடி பவுண்டு ஆகியிருந்தது. எஞ்சிய பகுதி தனித் திட்டமாகி 2023-இல் நியூஹேவனை எட்டியது. அடுத்த நகரத்தின் டிராமை மதிப்பிட ஒப்பீட்டு வகுப்பைத் தொகுப்பவர் இப்பணியை எந்த மதிப்பீட்டுக்கு எதிரே, எத்தனை கிலோமீட்டருக்கு, ஒரு திட்டமாகவா இரண்டாகவா பதிவது என்பதைத் தரவைத் தொடுமுன்பே முடிவுசெய்தாக வேண்டும்.