ஆசீர்வாதப்பர் சபை: வழிபாடும் உழைப்பும்

ஆலயத்தில் சங்கீதம் பாடும் நாவும் வயலில் மண்வெட்டி பிடிக்கும் கையும் ஒரே மனிதனுடையனவாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையைக் கிறிஸ்தவ உலகில் ஒரு வாழ்க்கை முறையாகவே வகுத்தளித்த பெருமை, இத்தாலி தேசத்து நர்சியாவில் ஏறத்தாழ கி.பி. 480-இல் பிறந்தவரும், மேனாட்டாரால் பெனடிக்ட் என்று வழங்கப்படுபவருமான அர்ச். ஆசீர்வாதப்பரைச் சாரும். கல்வியின் பொருட்டு ரோமாபுரிக்குச் சென்ற இவர், அந்நகரத்து ஒழுக்கக்கேட்டைக் கண்டு மனம் வெதும்பி, சுபியாக்கோ மலைக்குகையில் மூன்றாண்டு தனித்துத் தவமிருந்து, பின்னர் தம்மை நாடிவந்தோரைக் குழுக்களாக அமைத்து, ஏறத்தாழ 529-இல் மோன்டே காசினோ குன்றின்மீது மடாலயம் ஸ்தாபித்தார். அங்கே அவர் இயற்றிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூலே பிற்கால மேற்கத்தியத் துறவறத்திற்கு அஸ்திவாரமாயிற்று.

சரீர உழைப்பு அடிமைகளுக்குரியது, சிந்தனையே சுதந்தரருக்குரியது என்னும் அபிப்பிராயம் கிரேக்க ரோம சமுதாயத்தில் வேரூன்றியிருந்த காலம் அது. கூடாரத் தொழிலால் ஜீவித்த அப்போஸ்தலர் பவுலும், பேரீச்ச ஓலையால் பாயும் கூடையும் முடைந்துகொண்டே சங்கீதங்களை ஓதிய எகிப்திய வனாந்தரத் துறவியரும் அக்கருத்துக்கு மாறாக வாழ்ந்து காட்டியிருந்தனர். ஆசீர்வாதப்பர் அவர்களது அனுபவத்தை, அசாதாரணமான தவவலிமை இல்லாத சாமானியரும் கைக்கொள்ளத்தக்க அன்றாட ஒழுங்காக ஆக்கினார்.

இரவில் ஒருமுறையும் பகலில் ஏழுமுறையும் துறவியர் ஆலயத்தில் கூடுவர். 150 சங்கீதங்களும் வாரந்தோறும் பாடி முடிக்கப்பட வேண்டும். இடைப்பட்ட நேரம் உழைப்புக்கும் வேத வாசிப்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. செபவேளைக்குரிய அடையாளம் ஒலித்தவுடன் கையிலிருப்பது எதுவாயினும் அதைவிட்டு எழுந்துவிட வேண்டும். தொலைவில் வேலை செய்பவனோ, நின்ற இடத்திலேயே முழந்தாளிட்டு அவ்வேளைச் செபத்தைச் சொல்ல வேண்டும். இதனால் உழைப்பு இழிவுற்றதென்று எண்ணலாகாது. மடத்தின் பண்டசாலையைக் காப்பவன், அங்குள்ள தட்டுமுட்டுகள் அனைத்தையும் பலிபீடத்துத் திருப்பாத்திரங்களுக்கு நிகராகப் பேண வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. இந்த ஒரு விதியில் இம்மரபின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நம் துணிபு.

சமையற்கட்டைப் பற்றிய அதிகாரம் இதனைக் கண்கூடாகக் காட்டுகிறது. சகோதரர் வாரத்துக்கு வாரம் முறைவைத்துச் சமைத்துப் பரிமாறுவர். நோயுற்றோரும் பெரும்பொறுப்பில் இருப்போருமே இதற்கு விலக்கு. சனிக்கிழமையன்று முறை முடிப்பவன், அனைவரும் கைகால் துடைத்த துண்டுகளை வெளுத்து, மறுவாரம் முறையேற்பவனோடு சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவி, பாத்திரங்களைப் பழுதின்றித் துலக்கி ஒப்படைக்கிறான். ஞாயிறு காலைச் செபம் முடிந்ததும் இருவரும் ஆலயத்திலேயே அனைவர்முன் விழுந்து, தங்களுக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்கின்றனர். கரியும் புகையும் படிந்த அடுக்களை வேலை, இவ்வாறு ஆலயத்தில் ஆசி பெற்றுத் தொடங்கி ஆலயத்திலேயே நன்றியோடு நிறைவுறுகிறது. மறுபுறம், தன் கைத்திறத்தால் மடத்துக்கு இலாபம் வருகிறதென்று செருக்குக் கொள்ளும் தொழிலாளியை அத்தொழிலினின்றும் விலக்கிவிட வேண்டும் என்றும், மடத்துப் பொருள்களை வெளியார் விற்பதைக் காட்டிலும் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்றும் வேறோர் அதிகாரம் கூறுகிறது.

உழைப்போர்மீது ஆசீர்வாதப்பர் கொண்டிருந்த பரிவைக் காட்டும் வகையில், அவரது சரிதத்தை எழுதிய பாப்பு பெரிய கிரகோரியார், எளிய அறிவுடைய கோத் இனத்தான் ஒருவன் ஏரிக்கரையில் முட்புதர் வெட்டுகையில் கருவியின் இரும்பு கழன்று நீரில் மூழ்கியதையும், அவன் நடுநடுங்கித் தன் குற்றத்தை அறிவித்ததையும், மகான் வந்து காம்பை நீரில் இட இரும்பு மேலெழுந்து பொருந்தியதையும், துயரப்படாமல் வேலையைத் தொடரும்படி அவர் அவனைத் தேற்றியதையும் விவரிக்கிறார்.

பிற்காலத்தில் வழிபாட்டுக்கும் உழைப்புக்குமான இவ்விணைப்பு பலமுறை குலைந்தது. 910-இல் பிரான்சில் தோன்றிய குளூனி மடாலயத்தில் வழிபாடு நாளின் பெரும்பகுதியைக் கொள்ளுமளவுக்கு விரிந்து, வயல்வேலை குடியானவர் கைக்குப் போயிற்று. இதனைத் திருத்தும் நோக்குடன் 1098-இல் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டர்சியர், காட்டையும் சதுப்பையும் விளைநிலமாக்கினர், ஆட்டுமந்தை பெருக்கினர். 1118-இல் அவர்களுள் ஒருவரான அர்ச். பெர்நார்து நிறுவிய ஃபோன்தெனே மடாலயத்தில், நீர்ச்சக்கரத்தால் சம்மட்டி இயக்கிய அவர்களது இரும்புப் பட்டறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆயினும் கடின வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள், எழுத்தறிவற்ற ஏழைக் குடிகளிலிருந்து வந்த உழைப்புச் சகோதரர்களே. ஆலயத்தில் அவர்களுக்கு இடம் தனி, செபமும் சுருக்கம், பாடகத் துறவியராக உயரும் வழியும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. பாடுவோர் ஒரு சாராரும் உழைப்போர் மற்றொரு சாராருமாகப் பிரிந்தபோது, ஸ்தாபகரின் உள்ளக்கருத்தே பிளவுபட்டதென்று வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே இப்பாகுபாடு பெரிதும் நீங்கிற்று.

எட்டாம் ஹென்றி இங்கிலாந்து மடங்களைக் கலைத்ததாலும், பிரெஞ்சுப் புரட்சியாலும் நலிந்த இச்சபை, 1833-இல் சொலேம் மடாலயம் மீண்டும் உயிர்பெற்றதிலிருந்து மறுமலர்ச்சி கண்டது. ஸ்தாபகரின் மோன்டே காசினோவோ, லொம்பார்தியராலும் சாரசேனியராலும் நிலநடுக்கத்தாலும் அழிந்தெழுந்து, 1944 பிப்ரவரி 15-இல் நேசநாட்டு விமானக் குண்டுகளால் தரைமட்டமாகி, மறுபடியும் கட்டப்பெற்று 1964-இல் அபிஷேகம் செய்யப்பட்டது.

இச்சபையின் சில்வெஸ்திரியக் கிளை 1845 முதல் இலங்கையில் ஊழியம் புரிகிறது. தமிழகத்தில், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், பிரெஞ்சுக் குரு ஜூல் மோன்ஷனேனும், பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த கெர்கொனான் மடத்துத் துறவி ஆன்ரி லெ சோவும் 1950-இல் சாந்திவனத்தைத் தொடங்கினர். காவி உடுத்து, சைவ உணவுண்டு, இந்நாட்டுத் துறவு நெறியோடு ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை இணைப்பது அவர்கள் எண்ணம். 1958-இல் கேரளத்துக் குன்றுகளில் குரிசுமலை ஆசிரமத்தை நிறுவியவர்களோ, சிரியக் கிறிஸ்தவ வழிபாட்டு முறையைத் தழுவியதோடு பால்பண்ணையும் நடத்தி, நல்லினக் கறவை மாடுகளைச் சுற்றுப்புற விவசாயிகளிடமும் பரவச் செய்தனர். அவ்வாசிரமத்தை நிறுவியோருள் ஒருவரான ஆங்கிலத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1968-இல் சாந்திவனத்தை ஏற்று, 1993-இல் மறையும்வரை அதனை நடத்தினார்; அவர் காலத்திலேயே அது, அர்ச். ரொமுவால்தின் வழிவந்த கமால்தோலியக் கிளையுடன் இணைந்தது.