ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்

மத்தியப் பிரதேசத்தின் அரசு நடுநிலைப் பள்ளிகளில் 1972 முதல் 2002 வரை, முப்பது ஆண்டுகள் நடைபெற்ற கல்வி முயற்சி ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். 6, 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் அறிவியலைப் படித்து ஒப்பிக்காமல், தம் கையால் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் 1956இல் தொடங்கிய பி.எஸ்.எஸ்.சி. இயற்பியல் திட்டமும், இங்கிலாந்தில் 1960களில் வந்த நஃபீல்டு திட்டமும் இதே வழியைக் காட்டியவைதான். அவை ஆய்வகம் உள்ள பள்ளிகளை நம்பி வகுக்கப்பட்டன. ஹோஷங்காபாத் திட்டமோ ஆய்வகமே இல்லாத கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவானது. வகுப்பறை உத்தியை மட்டும் மாற்றினால் போதாது, பாடநூல், கருவிகள், ஆசிரியர் பயிற்சி, தேர்வு ஆகிய நான்கும் கூடவே மாற வேண்டும் என்று அதை வகுத்தவர்கள் கருதினார்கள்.

தோற்றம்

நர்மதை ஆற்றின் தென்கரையில் உள்ள ஹோஷங்காபாத் இன்று நர்மதாபுரம் என்று அழைக்கப்படுகிறது. அந்த மாவட்டத்தில் இயங்கிய இரு தன்னார்வ அமைப்புகள் இத்திட்டத்தைத் தொடங்கின. ஒன்று, ரசூலியாவில் குவேக்கர் கிறித்தவர்கள் நிறுவிய நண்பர்கள் கிராம மையம். மற்றொன்று, பலியா பிப்பரியா கிராமத்தில் அனில் சத்கோபால் தொடங்கிய கிஷோர் பாரதி. அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்ற சத்கோபால், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியல் ஆய்வாளராக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டுக் கிராமத்துக்கு வந்தார்.

மாநில அரசு முதலில் 16 நடுநிலைப் பள்ளிகளில் முயன்று பார்க்க அனுமதி தந்தது. டாட்டா நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரான யஷ் பாலும் தொடக்க கால ஆதரவாளர்களில் ஒருவர். ஆராய்ச்சிக் கூடத்தில் பழகியவர்கள் கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து, ஒரு சோதனை ஏன் சரியாக வரவில்லை என்று விவாதித்தது இத்திட்டத்தின் தனித்தன்மை.

பாடநூல்

திட்டத்தின் நூல்களுக்கு ‘பால் வைஞானிக்’, அதாவது ‘குழந்தை விஞ்ஞானி’ என்று பெயர். மாநிலப் பாடநூல் கழகமே அவற்றை அச்சிட்டது. மூன்று வகுப்புகளுக்குமான இந்த நூல்களில் வரையறைகளைத் தேடினால் எளிதில் கிடைக்காது. என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும், அடுத்தடுத்துக் கேள்விகளுமே பக்கங்களை நிறைக்கும். விடையை நூல் சொல்லாது. மாணவர் தம் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எதை விடுவது என்பதிலும் துணிச்சல் காட்டினார்கள். அணுவும் மூலக்கூறும் அந்த வயதில் சோதனை வழியே எட்டக்கூடியவை அல்ல, எனவே மனப்பாடமாகவே முடியும் என்று கருதி நடுநிலை வகுப்புகளில் அவற்றைச் சேர்க்கவில்லை. இது கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்று பெற்றோர் சிலர் அஞ்சினார்கள்.

வகுப்பறை

மாணவர்கள் நால்வர் கொண்ட ‘டோலி’களாக, அதாவது சிறு குழுக்களாக, உட்காருவார்கள். சோதனையைக் குழு செய்யும், குறிப்பை ஒவ்வொருவரும் எழுதுவார்கள், பிறகு வகுப்பு முழுவதும் பேசி ஒரு முடிவுக்கு வரும்.

அளத்தல் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரே மேசையை எல்லாக் குழுக்களும் அளக்கும். ஒரு குழுவுக்கு 121 சென்டிமீட்டர் வந்தால் அடுத்த குழுவுக்கு 120.6 வரும், அளவுகோலின் தேய்ந்த முனையிலிருந்து அளந்த குழுவுக்கு 122 வரும். வழக்கமான வகுப்பில் ஆசிரியர் ‘சரியான’ அளவைச் சொல்லி மற்றவற்றை அடித்துவிடுவார். இங்கே எல்லா எண்களும் கரும்பலகையில் ஏறும். ஏன் வேறுபட்டன, எந்த அளவுக்கு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், எப்போது திரும்ப அளக்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கும். எந்த அளவீட்டிலும் ஏற்ற இறக்கம் உண்டு என்பதும், தோராயமாக்குவது எப்படி என்பதும் அந்தப் பேச்சிலிருந்தே பாடமாக வரும்.

உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சிக்கு ஈ உதவியது. சாணியில் ஈயின் முட்டைகளைத் தேடி எடுத்து, புட்டியில் போட்டு, நாள்தோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகும், புழு கூட்டுப்புழுவாகும், வெயில் காலத்தில் பத்து நாள் அளவில் ஈ பறந்துவிடும். புழுக்கள் சாணியிலிருந்து தாமே பிறக்கின்றனவா, ஈ இட்ட முட்டையிலிருந்து வருகின்றனவா என்ற கேள்வியும் இதில் அடங்கும். 1668இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சி வைத்த பாத்திரங்களைத் துணியால் மூடிச் சோதித்ததும் இதையேதான்.

கண்டுபிடிப்பு வழிக் கற்றல் மாணவர்களைத் திக்குத் தெரியாமல் விட்டுவிடுகிறது என்று கல்வி உளவியலாளர்களில் ஒரு சாரார் சொல்வதுண்டு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரை இந்த வாதத்தைப் பரவலாக்கியது. ஹோஷங்காபாத் முறையில் மாணவர் தனியே விடப்படவில்லை. கேள்விகளின் வரிசையே வழிகாட்டியது. முடிவில் நடந்த வகுப்பு விவாதத்தை ஆசிரியர் நெறிப்படுத்தினார்.

கருவிப் பெட்டி

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கருவிப் பெட்டி தரப்பட்டது. விலை உயர்ந்த பொருளாக இருந்தால் உடைந்துவிடுமே என்று பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால் மலிவானதையும் உள்ளூரில் கிடைப்பதையும் தேடினார்கள். பூவையும் விதையையும் பிரித்துப் பார்க்கும் ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் வந்தது. வேலியில் ஒடித்துக்கொள்ளலாம், துருப் பிடிக்காது, தொலைந்தாலும் நட்டமில்லை. அமிலம், காரம் கண்டறியும் பினாப்தலீன் அந்நாளில் மருந்துக் கடைப் பேதி மாத்திரைகளில் இருந்த பொருள். மாத்திரையைப் பொடித்துக் கரைத்தாலே காட்டி தயார்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, டெல்கோ நிறுவனத்தில் பணியாற்றிய அரவிந்த் குப்தா 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு கிஷோர் பாரதிக்கு வந்தார். சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகி இணைத்தார். மூன்று குச்சிகளை இணைத்த முக்கோணம் எந்தப் பக்கம் அழுத்தினாலும் உருமாறாது. நான்கு குச்சிச் சதுரம் லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணம் ஏன் வருகிறது என்பதைக் கைவிரல்களே உணர்ந்துகொள்ளும். இங்கே தொடங்கிய வேலையே அவரைப் பொம்மை வழி அறிவியலுக்கு இட்டுச் சென்றது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆசிரியரும் தேர்வும்

கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி நடந்தது. அங்கே ஆசிரியர்களும் மாணவர்களாகிக் குழுவாக உட்கார்ந்து, பாடநூலின் சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். பள்ளி திறந்த பிறகு மாதம் ஒருமுறை அருகிலுள்ள மையத்தில் கூடி, வகுப்பில் பட்ட சிக்கல்களைப் பேசினார்கள். அந்தப் பேச்சின் அடிப்படையில் நூல்கள் திருத்தப்பட்டன.

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல ஆசிரியருக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். மாணவர்களின் கேள்விகளைத் தாங்க ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதர் படைக்கப்பட்டார். சவால் என்றால் இந்தியில் கேள்வி. வகுப்பில் விடை கிடைக்காததைச் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதலாம்; திட்டக் குழுவினர் பதில் போட்டார்கள்.

மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வு இருக்கும்வரை வகுப்பறை பழைய வழிக்கே திரும்பும் என்பதால், எட்டாம் வகுப்புத் தேர்வையும் மாற்ற அரசு ஒப்புக்கொண்டது. எழுத்துத் தேர்வுக்குப் பாடநூலையும் சொந்த நோட்டையும் கொண்டுபோகலாம். நூலில் நேரடி விடை இல்லாத கேள்விகளே வந்ததால், புத்தகத்தைப் புரட்டி ஆவதொன்றுமில்லை. செய்முறைத் தேர்வு தனியாக நடந்தது.

விரிவும் முடிவும்

1978இல் திட்டம் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் ஏகலவ்யா அமைப்பு உருவாகிப் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டுகளில் மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் பரவி, பதினைந்து மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான பள்ளிகளை எட்டியது.

2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல் வேண்டும் என்பதும், உயர்நிலைத் தேர்வில் மாவட்ட மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்பதும் முன்வைக்கப்பட்ட வாதங்கள். ஏகலவ்யாவும் நாட்டின் பல கல்வியாளர்களும் இதை மறுத்தார்கள். பாடநூலும் தேர்வும் அரசின் ஆணையால் மாறியவை. அதே அரசின் ஆணையால் பழைய நிலைக்குத் திரும்பின.

தாக்கம்

யஷ் பால் தலைமையில் உருவான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்கவும் மனப்பாடத்தை விலக்கவும் வலியுறுத்தியது. ஹோஷங்காபாத்தில் முப்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்த கருத்துகள் இவை. 1987இல் நாடெங்கும் நடந்த மக்கள் அறிவியல் பயணத்தில் ஏகலவ்யாவும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து பங்கேற்றன. ஏகலவ்யா போபாலைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. 1985 முதல் ‘சக்மக்’ என்ற சிறுவர் இதழையும், பிறகு ஆசிரியர்களுக்காக ‘சந்தர்ப்’ இதழையும் வெளியிட்டு வருகிறது.