வனவிலங்கும் காட்டுயிரும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் சூழலியல் பெரிதும் தாவரவியல் துறைகளின் வழியாகவே நுழைந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1937இல் முனைவர் பட்டம் பெற்ற ராம்தேவ் மிஸ்ரா, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அப்பாடத்தை வேரூன்றச் செய்தார். அவர்தம் செய்முறை நூல் 1968இல் வெளிவந்தது. அம்மரபில் பயின்ற மாணவர் முதலில் எண்ணியவை செடிகளே.

வைல்ட் லைஃப் என்னும் பாடமோ வேறு வாயிலில் வந்தது. அதற்கு முன்னோடிகள் வேட்டைக் கட்டுப்பாடும் வன நிருவாகமும் ஆகும். காட்டுப் பறவைகள், விலங்குகள் குறித்த 1912ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை கூடாத பருவங்களை வரையறுக்க வழி செய்தது. டேராடூனில் 1982இல் நிறுவப்பெற்ற தேசிய நிறுவனம், 1988இல் சௌராஷ்டிரப் பல்கலைக்கழக இணைப்புடன் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் இத்துறையைக் கற்பித்தது.

தமிழில் நிலைத்த 'வனவிலங்கு' என்னும் சொல் இவ்விரண்டாம் வாயிலின் சுவட்டையே தாங்கி நிற்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறை தேனீ, வண்ணத்துப்பூச்சி, மீன் ஆகியவற்றோடு வாழிடத்தின் பகுதியான நீர், நிலத் தாவரங்களையும் உள்ளடக்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் குடுவைச் செடி உள்ளிட்ட சில தாவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. ஆக, 'வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் செடி' என மொழிபெயர்ப்பாளர் எழுத நேர்கிறது! பாடநூல் ஒன்றைச் செப்பம் செய்கையில் இத்தொடரை நானும் அடிக்காமல் விட்டதுண்டு; மாற்றுச் சொல் அப்போது கைவரவில்லை.

சு. தியடோர் பாஸ்கரன் தம் கட்டுரைகளில் வழங்கிவரும் 'காட்டுயிர்' இங்குப் பொருந்துகிறது. 'உயிர்' என்பது செடியையும் தழுவும் என்பது வெளிப்படை. முதற்கூறே கூர்ந்து நோக்கத்தக்கது. காட்டுப்பூனை, காட்டுமல்லி, காட்டாமணக்கு ஆகியவற்றில் 'காட்டு' என்னும் அடை இடத்தை மட்டும் சுட்டவில்லை. காட்டாமணக்கு ஊர் வேலியிலும் வளர்கிறது. காட்டுப்பூனை வயல்வெளியிலும் திரிகிறது. மனிதர் பேணி வளர்க்காதது என்பதே அவ்வடையின் பொருள். 'வைல்ட்' என்னும் ஆங்கில அடையின் பொருளும் அதுவே. 'வன' என்னும் அடைக்குத் தமிழில் இப்பொருள் இவ்வளவு இயல்பாக அமையவில்லை. மேலும் கொங்கு நாட்டில் மானாவாரி நிலமும் காடே. புல்வெளியையும் தரிசையும் வாழிடமாகக் கொண்ட உயிர்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இந்நெகிழ்ச்சி பெருந்துணை.

இடர் ஒன்று உண்டு. பாக் நீரிணையின் கடற்பசுவும் அதே சட்டத்தால் காக்கப்படுவது. அதனைக் காட்டுயிர் என்பது பொருளால் சரியே, செவிதான் தயங்குகிறது.