திருத்தணியில் மொட்டை மாடி ஆன்டெனா வச்சா டிவி தெரியுமா? மாசக் கட்டணம் இல்லாம பார்க்க என்ன வழி?

"ஒரே ஒரு எச்.டி ஆன்டெனா போதும், ஆயிரம் சேனல் இலவசம், 200 கிலோமீட்டர் ரேஞ்ச்" - போனில் இப்படி ஒரு விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. கேபிள் பில் கட்டி அலுத்துப்போனவங்களுக்கு இது ஆசையைக் கிளப்பும். அதுவும் திருத்தணி மாதிரி மலை இருக்கிற ஊர்ல, "உயரத்துல வச்சா சிக்னல் அள்ளும்" என்று கடைக்காரரும் சேர்த்துச் சொல்வார். காசு கொடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

நேரடியா சொல்லணும்னா, அந்த மீன் முள் ஆன்டெனாவை நம்பி திருத்தணியில் காசு போட வேண்டாம். மொட்டை மாடியில் வைக்க வேண்டியது டிஷ்.

வெளிநாட்டுல ஓடுது, இங்க ஏன் ஓடாது?

அந்த விளம்பரம் முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் 2009 ஜூன் மாதமும், பிரிட்டனில் 2012-லும் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, கோபுரத்திலிருந்து வரும் தரைவழி ஒளிபரப்பை டிஜிட்டலுக்கு மாத்தினாங்க. அங்கே தனியார் சேனல்களும் கோபுரத்திலிருந்தே வரும். அதனால ஒரு ஆன்டெனாவை மாட்டினா பல டஜன் சேனல் கிடைக்கும்.

இந்தியாவில் கதையே வேற. தரைவழி டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷன் கையில் மட்டும்தான். சன், விஜய், ஜீ தமிழ் எதுவும் கோபுரத்திலிருந்து வருவதில்லை. எவ்வளவு பெரிய ஆன்டெனா வச்சாலும் காற்றில் இல்லாத சிக்னலைப் பிடிக்க முடியாதே!

சரி, தூர்தர்ஷனாவது வருமா? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. உயரமான இரும்பு பைப், அதன் உச்சியில் ஆன்டெனா, கீழே பூஸ்டர், "இப்போ தெரியுதா?" என்று மாடியிலிருந்து ஒரு சத்தம் - அந்தக் காலத்தை மறக்க முடியாது. அந்த அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடியது. முக்கியமான இடங்களில் சுமார் 50 டிரான்ஸ்மிட்டர்கள் தவிர மற்றதை எல்லாம் 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்தது.

2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் தரைவழிச் சேவையைத் தூர்தர்ஷன் தொடங்கியது. அது பெருநகரத்தையும் சுற்றுப்புறத்தையும் மனசில் வச்சுச் செய்தது. சென்னை சேப்பாக்கத்திலிருந்து திருத்தணி நேர்கோட்டிலேயே 70 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்குப் பூமியின் வளைவே குறுக்கே வர ஆரம்பிக்கும். உங்க வீட்டுக்கும் சென்னைக்கும் நடுவில் மலைச்சரிவு இருந்தால் இன்னும் மோசம்.

அனலாக்கில் சிக்னல் குறைஞ்சா புள்ளி புள்ளியா, நிழல் நிழலா ஏதோ தெரியும். டிஜிட்டல் அப்படி இல்லை. ஓரளவுக்குக் கீழே போனதும் படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, ஒரேயடியா கறுப்பாகிடும். கிழக்கே பார்த்த பழைய ஆன்டெனா மாடியில் இன்னும் இருந்து, உங்க டிவியில் டி2 ட்யூனரும் இருந்தால் ஒரு முறை ஆட்டோ ஸ்கேன் போட்டுப் பார்க்கலாம், செலவில்லை. புதுசா வாங்காதீங்க.

டிஷ் வழியில் என்ன கிடைக்கும்?

தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவைதான் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் ஆரம்பித்தது. டிஷ், பாக்ஸ், கேபிள் எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாய் ஒரே தடவை செலவு. பிறகு மாதக் கட்டணம், ரீசார்ஜ் எதுவும் கிடையாது.

வாங்கும் முன் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இதில் தமிழ் கம்மி. பொதிகை என்று நாம பழகின, 2024 ஜனவரியிலிருந்து 'டிடி தமிழ்' ஆகிவிட்ட சேனல் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான பிஎம் இ-வித்யா சேனல்கள் உண்டு. தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி. அவையும் ஏலத்தில் இடம் பிடித்து வருவதால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். தமிழ் சீரியல் இல்லாம ராத்திரி தூக்கம் வராத வீடு என்றால் கேபிளை உடனே வெட்டிவிடாதீங்க!

திருத்தணிக்கு மட்டும் ஒரு கூடுதல் லாபம் இருக்கு. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இன்னமும் வீட்டில் தெலுங்கு பேசுறவங்க நிறைய. ஆந்திராவுக்கான டிடி சப்தகிரி, தெலங்கானாவுக்கான டிடி யாதகிரி இரண்டும் அதே டிஷ்ஷில் இலவசம்.

பாக்ஸ் வாங்கும்போது 'எம்பெக்-4' பாக்ஸ் என்று கேட்டு வாங்குங்க. பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல் வராது. சில புது டிவிகளில் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருக்கும், அதற்குப் பாக்ஸ் இல்லாமலேயே பல சேனல் வரும். டிவியின் பின்பக்கம் சாட்டிலைட் இன்புட் இருக்கா என்று முதலில் பாருங்க.

எந்தப் பக்கம் திருப்பணும்?

ஒளிபரப்பு வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது.

திருத்தணியிலிருந்து கணக்குப் போட்டால் அது இருக்கும் திசை, வடக்கிலிருந்து வலப்பக்கமாக 133 டிகிரி. அதாவது தென்கிழக்கு. வாஸ்து பார்க்கிறவங்க சொல்ற அக்னி மூலைதான்! ஊர் அடையாளம் வேணும்னா, ஸ்ரீபெரும்புதூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே. உயரக் கோணம் 67 முதல் 68 டிகிரி. அரக்கோணம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, எல்லை தாண்டி நகரி வரைக்கும் இதே கணக்கு ஓடும்.

67 டிகிரி என்றால் கிட்டத்தட்ட உச்சி வானம். கீழே தெருவில் நின்னு மலைக்கோயிலைப் பார்க்க எவ்வளவு தலையைத் தூக்குவோமோ, அதைவிட ரொம்ப மேலே. அதனால சென்னை சிக்னலை மறைக்கிற மலை, டிஷ்ஷுக்கு மறைப்பே இல்லை. ஒட்டி நிற்கிற தென்னை மரம், பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் இதுங்கதான் வில்லன்.

மறைக்குதா இல்லையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. மார்ச் 15-ஐ ஒட்டிய நாட்களில் காலை 11.15 மணி வாக்கிலும், செப்டம்பர் 28-ஐ ஒட்டி 10.55 மணி வாக்கிலும் சூரியன் இதே செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் நிற்கும். அப்போ மாடியில் எங்கே வெயில் விழுதோ அங்கே டிஷ் வைக்கலாம். நிழல் விழுந்தா வேற இடம் பாருங்க. அந்தச் சில நாட்களில் சில நிமிஷம் படம் போகவும் செய்யும். சூரியனின் இரைச்சல் சிக்னலை அமுக்கிவிடும். பாக்ஸ் ரிப்பேர் இல்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஆன்டெனாவுக்குத்தான் உயரம் வேணும், டிஷ்ஷுக்கு வேண்டாம். கைப்பிடிச் சுவரை ஒட்டி, காற்றுக்கு ஆடாத இடத்தில் தாழ்வாக வைப்பதே நல்லது. மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகுதுன்னா அந்தப் பக்கமே வேண்டாம். பழைய ஆன்டெனா பைப்பை இறக்கும்போதும் அப்படித்தான். இரும்பு பைப் சரிஞ்சு கம்பியில் பட்டால் உயிர் போகும். அதைத் தனியா இறக்காதீங்க.

ஸ்டாண்டு செங்குத்தாக நிற்குதா என்று ரசமட்டம் வச்சுப் பாருங்க. அது சாய்ஞ்சிருந்தா மத்த எல்லாக் கோணமும் தப்பாகும். போன் காம்பஸை இரும்புக்குப் பக்கத்தில் வச்சுப் பார்த்தால் பொய் சொல்லும், நாலடி தள்ளி நின்னு பாருங்க. பிராக்கெட்டில் அளவுகோல் இருந்தால் 67-ல் வையுங்க. தட்டு அவ்வளவு மேலே பார்க்கிற மாதிரி தெரியாது, பயப்பட வேண்டாம். தட்டின் அமைப்பு அப்படி.

பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து அப்படியே வைக்காதீங்க. டாடா ப்ளே 83 டிகிரியை, ஏர்டெல் 108.2 டிகிரியைப் பார்க்கும். உங்களுடையது நடுவில்.

பாக்ஸில் சிக்னல் மெனுவைத் திறந்தால் 'ஸ்ட்ரென்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு பட்டை தெரியும். ஸ்ட்ரென்த் ஏறினால் எல்.என்.பி-க்குக் கரண்ட் போகுது என்று மட்டும் அர்த்தம். குவாலிட்டி ஏறினால்தான் சரியான இடம். விரல் அளவு திருப்பி, மூணு விநாடி நின்னு பார்த்து, மறுபடி திருப்புங்க. பாக்ஸ் சிக்னலைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவசரமாகச் சுத்தினால் சரியான இடத்தைத் தாண்டிப் போயிடுவீங்க. கடைசியாக எல்.என்.பி-யை அதன் பிடியிலேயே மெதுவா திருப்பி, குவாலிட்டி உச்சத்துக்கு வந்ததும் முறுக்குங்க. நம்ம ஊர்க் கோணத்துக்கு அது நேரா நிற்காது, ஏறக்குறைய 45 டிகிரி சாய்ஞ்சுதான் இருக்கும்.

கேபிள் 'ஆர்ஜி-6' வகையாக, நடுவில் ஜாயின்ட் இல்லாம ஒரே துண்டா இருக்கட்டும். இரண்டு டிவிக்கு வேணும்னா ஸ்ப்ளிட்டர் போடாதீங்க, இரட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி வாங்குங்க. பாக்ஸ் கேபிள் வழியா வோல்டேஜ் அனுப்பித்தான் எல்.என்.பி-யை இயக்குது. ஒரே எல்.என்.பி-க்கு இரண்டு பாக்ஸ் உத்தரவு போட்டால் குழப்பம்தான்.

கோடை வந்தால் வெயில் பட்டியலில் திருத்தணி பேர் தவறாம வரும். அந்த வெயிலில் எல்.என்.பி மூடி வெடிக்கும், கேபிள் தோல் உரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஒரு முறை ஏறி கனெக்டரில் துருவோ ஈரமோ இருக்கா என்று பாருங்க. தெருவில் குரங்கு வரும் என்றால் கேபிளைத் தொங்கவிடாம குழாய்க்குள் விடுங்க.

கனமழையில் படம் போனால் டிஷ்ஷைத் தொடாதீங்க. இந்த அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சும், மழை குறைஞ்சதும் தானா வந்துடும். இடி இடிக்கும்போது மாடி ஏறவே கூடாது, பாக்ஸ் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழட்டி வச்சிடுங்க. அந்த நேரத்துல டிடி தமிழ் பார்த்தே ஆகணும்னா, 2024 நவம்பரில் பிரசார் பாரதி வெளியிட்ட 'வேவ்ஸ்' ஆப் போனில் இருந்தால் போதும்.