கூம்புச் சங்கும் கட்டி மருந்தும்

சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். சேதுபதி மன்னர்களைப் பற்றியும், 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தைப் பற்றியும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நானோ மெக்கானிக்கல் என்ஜினீயர். ஆகவே நம் கடலையும் சென்னையையும் தொட்டுச் செல்லும், அதிகம் பேசப்படாத ஒரு மருந்தின் வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

ராமேஸ்வரம் கடைத்தெருவில் சங்கு, சிப்பி வாங்காத யாத்ரீகர் உண்டா? அவற்றுள் கூம்பு வடிவில், புள்ளியும் கோடுமாக ஒரு வகை இருக்கும். அந்தக் கூம்பு நத்தை உயிரோடு இருக்கும்போது தொட்டால் ஆபத்து. ஈட்டி போன்ற பல்லால் விஷம் ஏற்றி இரை பிடிக்கும் பிராணி அது. சில இனங்கள் மனிதனையே கொன்றுவிடும். அந்த விஷத்தின் சாரம் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்களைக் கோர்த்த சிறு சங்கிலிகள்.

பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவெராவின் குழு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தது. அங்கே பிரித்தெடுத்த 25 அமினோ அமிலப் பெப்டைடுதான் 'சிகோனோடைடு' என்ற வலி மருந்தாகி, 2004 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. புற்றுநோய் போன்றவற்றின் தாங்க முடியாத வலிக்குப் பம்ப் வைத்துத் தண்டுவட நீரில் செலுத்துகிறார்கள். நம் நாட்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கே.எஸ். கிருஷ்ணனும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் இந்தியக் கடல் நத்தைகளின் விஷத்தை ஆராய்ந்தார்கள். 'கோனஸ் அமாடிஸ்' நத்தையின் ஒரு பெப்டைடு பற்றிய அவர்கள் குழுவின் கட்டுரை 2003-இல் வெளிவந்தது.

"வலி நின்னா போதுமாப்பா, கட்டி கரைய வேணாமா?" என்று என் சித்தப்பா கேட்டார். பாம்பனில் படகு ஓட்டியவர். கணையத்தில் கட்டி வந்து, 2015-இல் மதுரைக்கும் ஊருக்குமாக ஏழு மாதம் அலைந்து காலமானார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

செல்லின் உட்கருவை ஒரு டிராயிங் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரைபடத்தை எப்போது நகலெடுப்பது என்று உத்தரவு போடும் புரதம்தான் 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்'. 'மிக்' என்ற அதிகாரி ஓயாமல் உத்தரவு போட்டால் செல் பெருகிக்கொண்டே போகும். பலவகைக் கட்டிகளில் இதுதான் கதை. சாதாரண மாத்திரையின் மூலக்கூறு சிறியது. பற்றிக்கொள்ள அதற்கு ஒரு குழி வேண்டும். மிக்கில் அப்படிப்பட்ட குழி இல்லை. ஆன்டிபாடி பெரியது, செல்லுக்குள் தானாக நுழையாது. இரண்டுக்கும் நடுவே நிற்பது பெப்டைடு. ஆனால் அது தொளதொளவென்று கிடக்கும். உடலின் நொதிகள் சுலபமாக வெட்டிப்போடும். அதை விறைப்பாக்குவது எப்படி?

இங்கேதான் சென்னை வருகிறது. ஜி.என். ராமச்சந்திரன் 1942-இல் பெங்களூரில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர், சர் சி.வி. ராமன்தான் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து அவர் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. ஒவ்வொரு அமினோ அமிலமும் இரண்டு கீல்களில் சுழல்வது போல. அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாமல் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம்ம மெக்கானிசம் பாடம்தான்!

அந்தக் கீலில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் சுழலும் இடம் குறுகி, சங்கிலி சுருளாக நிலைக்கும். பலராம் இத்தகைய பெப்டைடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இதே தத்துவத்தோடு, சுருளின் இரண்டு இடங்களை இணைத்து 'ஸ்டேப்பிள்' அடிக்கும் முறையை ஹார்வர்டில் வெர்டைன் குழு 2000-இல் அறிவித்தது. 2009-இல் அத்தகைய பெப்டைடு ஒன்று 'நாட்ச்' என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரைத் தடுத்தது. அது எலிகளின் ரத்தப் புற்றுநோயில்.

கட்டிகளுக்கு வந்தது வேறொரு வழி. 1998-இல் லாரா சூசெக் குழு ரோமில் வடிவமைத்த 'ஓமோமிக்' 91 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். மிக் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். முற்றிய கட்டியுள்ள 22 நோயாளிகளிடம் நடந்த முதல்கட்டச் சோதனையின் முடிவு 2024-இல் வெளிவந்தது. ஸ்கேனில் மதிப்பிட முடிந்த 12 பேரில் 8 பேருக்கு நோய் வளராமல் நின்றது. குணமாகவில்லை, நின்றது, அவ்வளவுதான். கடையில் வாங்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. யாரும் அவசரப்பட்டு நம்பி ஏமாற வேண்டாம். ஆனால் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிகிறது.

நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள நத்தைகளும் கடற்பஞ்சுகளும் என்னென்ன பெப்டைடுகளை வைத்திருக்கின்றன என்பதை முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. பவளப்பாறை அழிந்தால் அவையும் பார்க்கப்படாமலே போய்விடும்.

நம் கல்லூரியில் இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவம் கிடைக்கவில்லையே என்று மனம் தளராதீர்கள். மின்பொறியியல் படிக்கப் போனவர் போட்ட கோணக் கணக்குதான் இன்று மருந்து வடிவமைப்பவரின் மேசையில் இருக்கிறது. கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள், கடலையும் காப்பாற்றுங்கள்.