பருவமும் தேர்வும்: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் கதைத்தலைவரின் வயது

முன்னுரை

கதைத்தலைவருக்கு என்ன வயது என்பதை நாவலில் எழுத்தாளரும் திரைப்படத்தில் இயக்குநரும் முடிவு செய்கிறார்கள். ஆர்.பி.ஜி. என்று ஆடுபவர்கள் அழைக்கும் பாத்திரமேற்பு விளையாட்டில் நிலைமை வேறு. அங்கே ஆடுபவரே கதைத்தலைவராகிறார். பெயர், பால், முகம், தொழில் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். வயது விஷயத்தில் மட்டும் ஐம்பது ஆண்டுகளாக ஒரு தீர்வு எட்டப்படவில்லை. சில விளையாட்டுகள் அதை ஆடுபவரிடம் விட்டன. சில அதற்கு விலை வைத்தன. சில தாமே வைத்துக்கொண்டன. இந்த மூன்று போக்குகளின் வரலாற்றை ஆராய்வதும், தமிழ் இலக்கிய மரபு இதற்கு என்ன விடை தருகிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம். வயதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுபவருக்கு வேண்டும், தேர்ந்த வயதின் கட்டுகளை வகுக்கும் பொறுப்பு ஆக்கியவருக்கு வேண்டும் என்பதே இதன் முடிபு.

1. தமிழ் மரபில் தலைவரின் வயது

தமிழில் வயது என்றுமே இலக்கணத்துக்கு உட்பட்டது. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்துப் பொருத்தங்களுள் ஆண்டையும் ஒன்றாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வைக்கிறது. சிலப்பதிகாரம் கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு என்று தொடக்கத்திலேயே வயதைச் சொல்லிவிடுகிறது. உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களை வரிசைப்படுத்துகிறது. பேதைக்கு 5 முதல் 7, மங்கைக்கு 12 முதல் 13, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. இத்தகைய இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் வகுக்கும் பாட்டியல் நூல்களுக்கிடையே இதில் சிறு வேறுபாடுகள் உண்டு.

நம் கேள்விக்கு மிக நெருங்கி வருவது பிள்ளைத்தமிழ். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். நாடாளும் மன்னனைக் குழந்தையாக்கிப் பார்க்கும் உரிமையைப் புலவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த உரிமை அதோடு நின்றது. குழந்தையாக்கிய பின் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களின் ஒழுங்கில்தான் அவர் பாட முடியும். செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும். அந்தப் பருவத்தில் அதை நடக்கவிட முடியாது. நடைக்கு வருகைப் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்த வயது என்பதில் புலவருக்குச் சுதந்திரம் இருந்தது. அந்த வயதில் என்ன இயலும் என்பதில் மரபின் கட்டு இருந்தது.

கதைமாந்தரே தம் வயதை மாற்றிக்கொள்ளும் மரபும் நம்மிடம் உண்டு. திருமணத்தைத் தவிர்க்க விநாயகரை வேண்டி ஔவை முதுமையைப் பெற்றதாகச் செவிவழிக் கதை சொல்கிறது. இளமையும் அழகும் போயின. ஊர் ஊராகத் தனியே நடக்கவும், மன்னர் அவையில் அஞ்சாமல் பேசவும் வழி பிறந்தது. மகாபாரதத்தில் மன்னன் யயாதி தன் மூப்பை மகன் பூருவுக்குக் கொடுத்து அவன் இளமையை வாங்கிக்கொண்டான். விலையைச் சுமந்தவன் மகன். இரண்டு கதைகளிலும் வயது மாறினால் உலகம் அந்த மனிதரை நடத்தும் விதமும் மாறுகிறது.

மேடையிலும் வயதை மாற்றிக்கொள்ள முடிந்தது. 1912-இல் பிறந்த நாடக நடிகர் டி.கே. சண்முகம் 1940-களில், முப்பது வயதையொட்டி, ஔவையாராக வேடமேற்றார். அதனால் 'ஔவை' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நடிப்பவரின் உடலில் இல்லாத வயதை நடையாலும் குரலாலும் உண்டாக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

2. வயதுக்கு விலை இருந்த காலம்

1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்து பாத்திரமேற்பு விளையாட்டைத் தொடங்கிவைத்தது. மூன்றே ஆண்டுகளில், 1977-இல் வந்த 'டிராவலர்' வயதை விளையாட்டின் நடுவில் வைத்தது. பாத்திரம் 18 வயதில் கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல் போன்ற ஒரு பணியில் சேரும். ஒவ்வொரு பணிக்காலமும் நான்கு ஆண்டு. ஒரு தவணை கூடினால் திறமை கூடும். வயதும் நான்கு ஏறும். 34 வயதிலிருந்து பகடை உருட்டி முதுமையின் தேய்மானத்தைச் சரிபார்க்க வேண்டும். இன்னொரு தவணை இருப்பதா, போதும் என்று வெளியேறுவதா என்பதை ஆடுபவரே முடிவு செய்வார். தவணைக்குள் உயிர் போகவும் கூடும். கதை தொடங்கும் முன்பே பாத்திரம் முடிந்துபோகும்.

1979-இல் வந்த 'அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழிகாட்டி நூல் இளமை முதல் தள்ளாமை வரை வயதுப் படிநிலைகளை அட்டவணையாகத் தந்தது. நடுவயதைத் தாண்டினால் உடல்வலு குறையும். அறிவும் விவேகமும் கூடும். 1981-இல் கணினியில் வந்த 'விசார்ட்ரி'யில் காயம்பட்ட வீரர் விடுதியில் தங்கி உடல் தேறும்போது நாட்கள் கழியும்; வயதும் ஏறும். 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய 'பென்டிராகன்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஆண்டுதோறும் பனிக்காலத்தில் வீரருக்கு ஒரு வயது கூடும். அவர் மூத்து மடிந்தால் ஆடுபவர் அவர் வாரிசை ஏற்று ஆடுவார். 1992-இன் 'டார்க்லேண்ட்ஸ்' பாத்திரத்தின் கடந்தகாலத்தை ஐந்தைந்து ஆண்டுத் தொழில்களாகக் கட்டிக்கொள்ளச் சொன்னது.

ஔவை கதையின் நியாயம் இந்த விளையாட்டுகளில் இருக்கிறது. வயதைக் கேட்டுப் பெறலாம். அதற்கான விலையைக் கொடுத்தாக வேண்டும்.

3. வயது வெறும் எண்ணான காலம்

1997-இல் வந்த 'ஃபால்அவுட்' பாத்திரத்தை உருவாக்கும் திரையில் 16 முதல் 35 வரை ஒரு வயதைக் குறிக்கச் சொன்னது. பதினாறைக் குறித்தாலும் முப்பத்தைந்தைக் குறித்தாலும் வலுவிலோ திறமையிலோ மாற்றமில்லை. 2006-இல் 'ஆப்லிவியன்' வயதை முகத்தின் சுருக்கமாக மட்டும் வைத்தது. மேசை விளையாட்டிலும் இதே தேய்வு நேர்ந்தது. 2014-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் நூல் ஒவ்வொரு இனத்தின் ஆயுளையும் சொல்கிறது. முதுமைக்கென்று கூட்டலோ கழித்தலோ வைக்கவில்லை.

இதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. முதியவரை ஆட விரும்புகிறவர் பலவீனமான பாத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆடுபவருக்கு முழுச் சுதந்திரம் கிடைத்த இடத்திலேயே அந்தச் சுதந்திரத்துக்குப் பொருள் இல்லாமல் போயிற்று. அறுபது வயது வீரரை ஊரார் 'தம்பி' என்று கூப்பிட்டு வேலை ஏவினால், ஆடுபவர் தேர்ந்தெடுத்ததை விளையாட்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றே கொள்ள வேண்டும்.

4. ஆக்கியவரே வயதை நடத்திய கதைகள்

மூன்றாவது போக்கு வயதை ஆடுபவரிடம் கொடுக்கவே இல்லை. 1992-இல் ஜப்பானில் யூஜி ஹோரி உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட் 5' சிறுவனாகத் தொடங்கும் தலைவனை அடிமை வாழ்வு, திருமணம், தந்தைமை என்று கொண்டுபோகிறது. மணப்பெண்ணை ஆடுபவர் தேர்ந்தெடுக்கலாம். கழியும் ஆண்டுகளைத் தடுக்க முடியாது. 2004-இல் வந்த 'ஃபேபிள்' இடைவழி ஒன்றைக் கண்டது. அதில் திறன்களை உயர்த்த உயர்த்தத் தலைவனுக்கு வயது கூடுகிறது. வளர்ச்சியும் நரையும் சேர்ந்தே வருகின்றன.

தமிழர் தந்த சான்று 2023 ஜூலையில் வந்தது. கனடாவின் டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனத்துக்காகத் தமிழரான அபி வடிவமைத்த 'வெண்பா' அது. சமையலை மையமாகக் கொண்ட கதை விளையாட்டு; கண்டிப்பான பொருளில் ஆர்.பி.ஜி. அன்று. ஆனாலும் நம் கேள்விக்கு அது தரும் விடை தெளிவானது. 1988-இல் கணவர் பாவலனோடு கனடாவில் வாழத் தொடங்கியிருக்கும் இளம்பெண் வெண்பா. மகன் கவின் பிறக்கிறான், வளர்கிறான், விலகுகிறான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆண்டுகள் தாவுகின்றன. ஆடுபவர் கையில் இருப்பது தாய் தந்த, அங்கங்கே சிதைந்த சமையல் குறிப்பேடு. இட்லிக்கும் புட்டுக்கும் விடுபட்ட படிகளைக் கண்டுபிடித்து நிரப்ப வேண்டும். பின்னொரு கட்டத்தில் வளர்ந்துவிட்ட கவினே ஆடுபவரின் கைக்கு வருகிறான். தாய்க்குப் பழக்கமான சமையலை அவன் தட்டுத்தடுமாறிச் செய்யும்போது, வயது என்பது கைக்குத் தெரிந்தது, தெரியாதது என்ற வேறுபாடாக ஆடுபவருக்கே உறைக்கிறது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்கு அறிமுகப் படைப்புக்கான விருதை அளித்தது.

5. பீர்க்கன்கரணையைக் களமாகக் கொண்டால்

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் முடிபை ஓர் ஊரில் வைத்துச் சோதிக்கலாம். தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஏரியோடு அமைந்த பீர்க்கன்கரணை, பேரூராட்சியாக இருந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் அக்கம்பக்கத்து முடிச்சூர், பெருங்களத்தூர் வட்டாரம் தத்தளித்தது. அந்த மழை நாட்களில் இங்கே ஒரு விளையாட்டு நடப்பதாகக் கொள்வோம். தெருவில் தேங்கிய நீர் எந்தப் பக்கம் வடியும் என்று கண்டுபிடிப்பதே ஆட்டத்தின் பணி.

ஆடுபவர் எழுபது வயது மூதாட்டியைத் தேர்ந்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1985-இல் வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்தபோது அவருக்கு நாற்பது வயது. 2004 வரை ஓடிய மீட்டர் கேஜ் மின்ரயிலில் தாம்பரத்திலிருந்து பயணம் செய்தவர். மனைகள் வருமுன் கலங்கல் எங்கே இருந்தது, வாய்க்கால் எந்த வழியாகப் போனது என்பது அவருக்கு அத்துப்படி. ஆட்டத்தின் வரைபடத்தில் அந்தப் பழைய கோடுகள் தொடக்கத்திலேயே தெரியும். இடுப்பளவு நீரில் இறங்கி நடக்க அவரால் முடியாது. பதினேழு வயதுப் பையனைத் தேர்ந்தெடுத்தால் வெள்ளத்தில் இறங்கலாம், கயிறு கட்டலாம். வரைபடத்தில் வீடுகளும் சாலையும் மட்டுமே இருக்கும். "பாட்டி, இந்தத் தெருவுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று வாசல் வாசலாகக் கேட்டுத்தான் அவன் வழி கண்டுபிடிக்க வேண்டும். மூதாட்டி சொன்னால் தெருவே எழுந்து வரும், அவன் சொன்னால் "பெரியவங்க யாரும் இல்லையாப்பா?" என்பார்கள்.

ஊர் ஒன்றுதான், பணியும் ஒன்றுதான். வயது மாறியதும் அறிவும் வலுவும் அழைக்கும் முறையும் மாறுகின்றன.

முடிவுரை

கதைத்தலைவரின் வயதில் ஆடுபவருக்கு எவ்வளவு ஆளுகை வேண்டும் என்ற கேள்விக்கு மூன்று வரையறைகள் புலப்படுகின்றன. முதலாவது, தொடக்க வயதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுபவருடையது. அந்தத் தேர்வு முப்பத்தைந்தில் முடியாமல் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடம் தர வேண்டும். இரண்டாவது, தேர்ந்த வயதுக்கு உரிய இழப்பையும் வரவையும் சேர்த்தே வகுப்பது ஆக்கியவரின் கடமை. உடல்வலுவைக் கழிப்பதோடு முதுமையை முடித்துவிடக் கூடாது. நினைவு, மதிப்பு, உறவுமுறை ஆகியவற்றை வரவில் எழுத வேண்டும். கதையில் காதலோ காமமோ இடம்பெற்றால் சிறார் வயதைத் தேர்வுக்கு வெளியே நிறுத்துவதும் அவர் கடமையே. மூன்றாவது, 'வெண்பா'வைப் போலக் காலம் கழிவதையே பொருளாகக் கொண்ட கதையில் வயது ஆக்கியவர் கையிலேயே இருக்கலாம். ஆடுபவருக்கு அந்தந்த வயதில் செய்யத்தக்க செயலைக் கொடுத்தால் போதும்.

தமிழில் பாத்திரமேற்பு விளையாட்டுகளை உருவாக்க முனைகிறவர்கள் பாட்டியல் நூல்களைப் பழைய இலக்கணம் என்று ஒதுக்காமல் வடிவமைப்புக் கையேடுகளாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வயதுக்கும் தனிச் செயலும் தனி அழகும் உண்டு என்று அவை வகுத்துச் சொல்லும் அளவுக்கு எண்களைத் தரும் தேர்வுத்திரை சொல்வதில்லை.