கரந்துறை படைக்கலம்: தகடூர் முதல் மணியாச்சி வரை

தகடூர் நாட்டில் படைக்கலம் என்பது பலர் காண ஏந்தப்படுவது. இன்றைய தருமபுரி மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் வயல்வரப்புகளிலும் நிற்கும் நடுகற்களைப் பார்த்தவர்கள் இதனை உடனே ஒப்புவர். ஆநிரை மீட்கும் பூசலில் வீழ்ந்த வீரன் ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கிறான். தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் இத்தகைய கற்கள் பல திரட்டி வைக்கப்பெற்றுள்ளன. இந்நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாடலின் பொருளே இருவருடைய படைக்கலங்களின் ஒப்பீடுதான். படைக்கலத்தைப் பார்த்து அதனை உடையவனை அளக்கலாம் என்பது அந்நாளைய நம்பிக்கை.

இதற்கு நேர்மாறானது பிறர் கண்ணுக்குப் படாமல் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் கருவி. தமிழ் யாப்பில் ஒரு பாட்டுக்குள் மற்றொரு பாட்டு மறைந்திருப்பதைக் ‘கரந்துறை பாட்டு’ என்பர். அம்முறையில் இதனைக் கரந்துறை படைக்கலம் எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருவி அடைந்த மாற்றமும், அது தமிழக வரலாற்றில் விட்டுச்சென்ற தடமும் இக்கட்டுரையில் நாம் காண விழைவன.

மறைத்து ஏந்தும் கைத்துப்பாக்கிக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. ஆடைக்குள் புடைத்துத் தெரியாமல் இருக்கவேண்டும்; பழக்கமில்லாக் கைக்கும் அடங்கவேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியில் இட்டுச் சுட்டால் கையில் உதை குறையும். இலேசான துப்பாக்கியில் இட்டுச் சுட்டால் உதை மிகும். உதையைக் குறைக்கத் தோட்டாவைச் சிறிதாக்கினால் குண்டின் வலிமை குன்றும். எதை விட்டு எதைப் பெறுவது என்பதே தேர்வின் சிக்கல்.

அக்காலத்து ஆங்கிலப் படை அதிகாரி இடையில் தொங்கவிட்ட வெப்லி ரிவால்வர் ஒரு கிலோவுக்கும் மேல் கனத்தது. அதன் .455 அங்குலக் குண்டு ஏறத்தாழ 17 கிராம். தோட்டாக்களைத் தாங்கும் உருளை பக்கவாட்டில் பருத்திருக்கும். அதிகாரம் உள்ளவன் அதனை மறைக்கவேண்டிய தேவை எழவில்லை. காட்டுவதே அதன் பயன்.

1900இல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டாலில் இருந்த ஃபாப்ரீக் நாசியோனால் ஆலை வேறொரு கருவியை வெளியிட்டது. அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்த தானியங்கிக் கைத்துப்பாக்கி அது. எடை சுமார் 625 கிராம், நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். உருளை இல்லை, ஏழு தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கின. ஆகவே கருவி தட்டையாயிற்று. குண்டின் விட்டம் 7.65 மில்லிமீட்டர், அதாவது .32 அங்குலம்; எடை 5 கிராமுக்கும் குறைவு. வெப்லி குண்டின் நான்கில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். சுட்டவுடன் துப்பாக்கியின் மேலோடு பின்னோக்கி நகர்ந்து, சுருள்வில்லை அழுத்தி, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, மீளும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். உதையின் ஒரு பகுதி இவ்வியக்கத்தில் பரவிவிடுவதால் கை குலுங்குவது குறைந்தது. 1906இல் இதனினும் சிறிய 6.35 மில்லிமீட்டர் துப்பாக்கியை அதே ஆலை செய்தது; உள்ளங்கையில் அடங்கிய அதன் குண்டு இன்னும் வலிமை குறைந்தது.

அலுவலகத்தில் பேனா பிடித்தவனும் மாணவனும் இதனால் படைவீரனுக்கு நிகராக அஞ்சத்தக்கவன் ஆனான். 1904 ஜூன் 16 அன்று ஹெல்சிங்கியில் உருசியத் தலைமை ஆளுநர் பாப்ரிகோவைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட ஃபின்லாந்தியர் யூஜன் ஷௌமன் ஓர் அரசு அலுவலர். அவர் கையில் இருந்தது 1900ஆம் ஆண்டுப் பிரவுனிங். 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் தொடர்வண்டி நிலையத்தில் ஜப்பானிய அரசியலாளர் இட்டோ ஹிரோபூமியைக் கொரியர் ஆன் சுங் குன் சுட்டதும் அவ்வகையால்தான். 1914இல் சரயேவோவில் உலகப் போருக்குத் திரி கொளுத்தியது அதே ஆலையின் 1910ஆம் ஆண்டுப் படைப்பு.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. எனவே இங்கே துப்பாக்கி கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தது. 1909இல் இலண்டன் இந்தியா ஹவுசிலிருந்து சாவர்க்கர் இருபது பிரவுனிங் துப்பாக்கிகளைப் பெட்டியின் பொய்யடித்தளத்தில் மறைத்து அனுப்பினார். அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சன் சுடப்பட்டார். இருபது துப்பாக்கிகள் ஒரு பெட்டியின் அடித்தளத்தில் அடங்கியமைக்கு அவற்றின் தட்டையான வடிவமே காரணம். இந்தியா ஹவுசில் இருந்த வ.வே.சு. ஐயர் 1910இல் புதுச்சேரிக்குத் தப்பி வந்தார். பிரெஞ்சு மண்ணாகிய அங்கே ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் செல்லாது. செங்கோட்டை வாஞ்சிநாதனுக்கு அவர் அங்கு சுடும் பயிற்சி அளித்தார் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி.

வாஞ்சி திருவிதாங்கூர் வனத்துறையில் பணிபுரிந்த இளைஞர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை அண்மையில் நின்று சுட்டார்; பின் நடைமேடையின் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். அவருடைய துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்யப்பெற்ற பிரவுனிங் தானியங்கி. நடைமேடையில் நின்ற எவருக்கும் அது முன்னரே தெரியவில்லை. அக்கருவியின் சிறப்பு அதுவே. அதன் எல்லையும் அதுவே.

கருவியின் இயல்பு அதைக் கைக்கொண்ட அரசியலின் இயல்பாகவும் ஆகிறது என்பது எமது கருத்து. மறைக்கக்கூடிய துப்பாக்கிக்கு மறைவான கூட்டம் வேண்டும். சில அடி தொலைவுக்கே நம்பத்தக்க குண்டுக்குத் தனி ஒருவனின் நெருக்கம் வேண்டும். சுட்டவன் திரும்பி வரும் வழி பெரும்பாலும் இராது. வாஞ்சியின் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்றே வழங்குகிறது. ஆயினும், ஆஷ் கொலை வழக்கில் பதினால்வர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டபின், அம்மறைவியக்கம் தென்தமிழ்நாட்டில் மீண்டும் தழைக்கவில்லை.

இங்கே எம் மாவட்டத்தார் ஒருவரை எண்ணிப் பார்க்கவேண்டும். 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும், அதையொட்டி எழுந்த திருநெல்வேலிக் கலகம் ஒடுக்கப்பட்டதும் ஆஷ் மீதான சினத்திற்கு முதன்மைக் காரணங்கள். சிவா 1912இல் சிறையிலிருந்து தொழுநோயுடன் வெளிவந்தார். நோயைக் காட்டித் தொடர்வண்டியில் ஏற மறுக்கப்பட்டபோது ஊர் ஊராக நடந்தே சென்று பேசினார். பென்னாகரம் வட்டாரத்துப் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயில் எழுப்ப விழைந்தார். சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அவ்வூரிலேயே மறைந்தார். அவருடைய கருவி மறைக்க முடியாதது. புண்பட்ட உடலையும் உரத்த குரலையும் ஆயிரம்பேர் நடுவே அவர் கொண்டு நின்றார். நடுகல் வீரனின் வழியில் வந்தவர் அவரே என்று சொன்னால் மிகையாகாது.

இன்று 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றோர்க்கு .32 அங்குலக் கைத்துப்பாக்கி விலக்கப்பட்ட வகையில் சேராது. 9 மில்லிமீட்டர் சேரும். தில்லிக் கொடுமைக்குப் பின் 2014இல் கான்பூர்ப் படைக்கல ஆலை பெண்களின் தற்காப்புக்கென அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32 அளவினதே. அதன் தோட்டா வேறு. ஆனால் அரைக்கிலோ எடை, கைப்பைக்குள் அடங்கும் வடிவு, அடங்கிய உதை என்னும் இலக்கணம் பழையதே. 2014இல் அதன் விலையோ ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல் இருந்தது. அச்சத்தோடு வேலைக்குச் செல்லும் பெண்களுள் எத்தனை பேர் அதனை வாங்க இயலும்? தெருவிளக்கும் நேரத்திற்கு வரும் பேருந்தும் புகாரை ஏற்கும் காவல் நிலையமும் தரவேண்டிய காப்பை, கைப்பைக்குள் தேடச் சொல்வது முறைதானா? படைக்கலத்தை எவரும் காண ஏந்திய மண்ணில் பிறந்த நாம் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.